இடது பக்க வகிடு

ஆசிரியர் பயிற்சியில், மறுநாள் நடத்திக் காட்ட வேண்டிய பாடத்துக்குச் சீட்டு எடுத்தவர்களில் பாதிப்பேர் ஐயோ என்றார்கள், மீதிப்பேர் அப்பாடா என்றார்கள். ஹெலன் பிரித்துப் படித்தாள், மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனாள். சீட்டில் 'இறந்தவர் உடலைத் தயார் செய்தல்' என்று எழுதியிருந்தது.

வைஷாலி பின்னாலேயே ஓடி வந்தாள். செங்கல்பட்டில் இருவருக்கும் ஒரே தனியார் ஆஸ்பத்திரி, ஒரே வார்டு.

"அக்கா, இன்னாக்கா இது? ரமா மேடமாண்ட சொல்லி வேற சீட்டு வாங்கிக்கலாம், வா."

"எதுக்கு? தெரிஞ்ச வேலதான?"

"அது இல்லக்கா..."

"டீ ஆறுது, குடி."

வைஷாலி பதறியதற்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் ஹெலனின் கணவன் ஜெபசிங் அதே வார்டில், ஆறாம் கட்டிலில்தான் செத்துப்போனான். கம்பெனி வேன் ஓட்டுபவன். கூடுவாஞ்சேரியில் ஆட்களை இறக்கிவிட்டு, நெஞ்சு எரியுது என்று ஆட்டோ பிடித்து மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே வந்தான். அன்று மத்தியானம் ஹெலனுக்கு டூட்டி. டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முடிந்ததும் மற்ற சிஸ்டர்கள் வாயில் கை வைத்து அழுதுகொண்டு நின்றபோது ஹெலன்தான் திரையை இழுத்து மூடினாள். செய்ய வேண்டியதையெல்லாம் தானே செய்து முடித்து, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். 'இன்னா தைரியம் இந்தப் பொம்பளைக்கு' என்று அன்றைக்கு மெச்சிய வாய்களே, அடக்கத்தில் அவள் அழாததைப் பார்த்ததும் 'கல்லு' என்றன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஹெலன் மூடவும் போகவில்லை.

மகள் ஷாரோன் அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். "கடசியா அப்பாவுக்கு இன்னாம்மா பண்ண?" என்று கேட்டாள்.

"பண்ண வேண்டியதப் பண்ணேன்."

"அவரு சீப்பு எங்க? வாட்ச்சு, பர்ஸ், போன் எல்லாம் கீது. சீப்பு இல்ல."

"தெரியல."

பொய் இல்லை. திரையை மூடியது நினைவிருக்கிறது, திறந்தது நினைவிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மகள் நம்பவில்லை. படிப்பு முடிந்து கூடுவாஞ்சேரி வீட்டோடு வந்த பிறகும், சாப்பிட்டியா, சாவி எங்க என்பதற்கு மேல் அம்மாவிடம் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு ஹெலனுக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்று மகள் சொன்னால்தான் தெரியும். தினமும் ஆறாம் கட்டிலைத் தாண்டிப் போனாள், புது நோயாளிக்கு ஊசி போட்டாள், டெம்பரேச்சர் பார்த்தாள். அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றுமே வராமல் இப்படியே ரிட்டயர் ஆகிற வரைக்கும் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தச் சமயத்தில்தான் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். பயிற்சியில் தேறுகிறவர்கள் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிக்கு ஆசிரியர்களாகப் போகலாம், வார்டு டூட்டி கிடையாது. ஹெலன் அன்றைக்கே பெயர் கொடுத்தாள். பாடம் சொல்லித்தர ஆசையா என்று கேட்டால் என்ன சொல்வாளோ தெரியாது. அந்தக் கட்டிலைத் தாண்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி நிலையம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது. கட்டிடத்துக்குப் பின்னால் கடல். நர்சுகள், லேப்காரர்கள், பிசியோதெரபிக்காரர்கள் எல்லோரும் கலந்து ஒரே வகுப்பு. நடத்துகிறவர் திருக்கழுக்குன்றத்து ரமா மேடம். குரலை உயர்த்தவே மாட்டார், ஆளை விடவும் மாட்டார். நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. 'கண்ணு இன்னா பொடனியிலயா கீது?' என்று பெரிய சிஸ்டர் கத்துவார், சின்னப் பெண் அழும், பாடம் முடிந்தது! அந்த வழக்கத்தை உடைக்கத்தான் ரமா மேடம் நாலு படி முறையைத் தலைகீழாக ஒப்பிக்கிற அளவுக்கு எல்லோர் மண்டையிலும் ஏற்றியிருந்தார். முதல் படி, பேசாமல் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். மூன்றாவது, கற்பவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்ய வேண்டும். நான்காவதில் கற்பவரே செய்வார்.

கடைசி நாள் காலையில் ஹெலனின் முறை வந்தது. கட்டிலில் பயிற்சி பொம்மை கிடந்தது. வழுக்கை மண்டை, திறந்த வாய். வகுப்பு அதற்கு 'அண்ணாத்த' என்று பெயர் வைத்திருந்தது. கற்பவராக இந்த வேலையைச் செய்தே இராத ஒருவர் வேண்டுமென்று கலைவாணனை உட்கார வைத்தார்கள். அவர் திருப்போரூர்ப் பக்கத்து லேப் டெக்னீஷியன். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தெரிந்ததை விடாமல் எழுதிக் கொடுக்கிறவர்.

ஹெலன் முதல் படியைத் தொடங்கினாள். கைகள் தாமாகவே போயின. கண்ணை மூடின, குழாயை எடுத்தன, முகம் துடைத்தன, தாடையைத் தூக்கிக் கட்டின. பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். எதற்கென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பெயர்ச்சீட்டு மாட்டி, துணியைச் சுற்றி முடித்தாள்.

இரண்டாவது படியையும் தடங்கலில்லாமல் செய்தாள். "முதலில் கண்களை மூடுகிறோம். அடுத்து குழாயை எடுக்கிறோம்" என்று பாடப் புத்தகத்தைப் படிப்பதுபோல் ஒரே குரலில் சொல்லிக்கொண்டே போனாள். எங்கேயும் தப்பில்லை. முடித்துவிட்டுக் கலைவாணனைப் பார்த்தாள்.

கலைவாணன் மூக்கைச் சொறிந்தார். "மேடம், ஒரு டவுட்டு. சிஸ்டர் மொதோ தபா செஞ்ச ஒண்ண ரெண்டாவது தபா செய்யல. நான் எத்த சொல்றது?"

"எதை விட்டாங்க?" என்றார் ரமா மேடம்.

"தாடையக் கட்டினாங்களா, அப்பால அண்ணாத்த நெஞ்சாண்ட கைய வுட்டு இன்னாவோ எடுத்தாங்க. தலய வாரினாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மொட்டத் தலயயா?" என்றான் ஒருவன்.

"வாரினாங்கப்பா, நான் பாத்தனே! லெப்ட்ல வகிடு எடுத்து, காதாண்ட அமுக்கி வுட்டாங்க. அந்தச் சீப்ப... சீப்பு மாதிரி எதையோ, தன் கோட்டு பாக்கெட்ல போட்டுகினாங்க. அதுக்கப்பறந்தான் கால் வெரலு."

ஹெலன் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். நேற்றைய சீட்டுதான் இருந்தது. விரல்கள் அதற்கும் கீழே, பையின் மூலை வரைக்கும் துழாவின.

அப்போதுதான் அன்றைக்குத் திரைக்கு உள்ளே நடந்தது அவள் கண்ணில் தெரிந்தது. பித்தான் கழற்றிய ஜெபசிங்கின் நீலச்சட்டை. அதன் பையில் கறுப்புச் சீப்பு, ஓரத்தில் ஒரு பல் உடைந்தது. ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் வேன் கண்ணாடியில் குனிந்து வாரிக்கொள்வான். 'தல கலஞ்சு கெடந்தா எவன்டி நம்பி வண்டில ஏறுவான்?' என்பான். நெஞ்சை அமுக்கி அமுக்கி டாக்டர்கள் அவன் தலையைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். முன்மயிர் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"ஹெலன்," என்றார் ரமா மேடம், "செய்யறதும் சொல்றதும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா கத்துக்கறவங்க எதை எடுத்துப்பாங்க? இப்படியே விட்டா என்னால பாஸ் போட முடியாது. அது வேணும்னா சொல்லிச் செய்யுங்க. வேணாம்னா விட்டுடுங்க. ரெண்டாவது படி, மறுபடியும்."

வைஷாலி எழுந்துவிட்டாள். "மேடம், அவங்க வூட்டுக்காரரு..."

"உக்காரு வைஷு," என்றாள் ஹெலன்.

விட்டுவிடுவது சுலபம். அந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்றதை ஒப்பித்தால் போதும், தேறிவிடலாம், ஆறாம் கட்டிலைத் தாண்ட வேண்டாம். கண்ணை மூடுவதிலிருந்து திரும்பத் தொடங்கினாள். தாடையைக் கட்டும் வரைக்கும் குரல் பழைய குரல்தான். அதற்குப் பிறகு கால் பக்கம் போக வேண்டியவள் தலைமாட்டிலேயே நின்றாள்.

"இப்ப... சட்ட பாக்கெட்ல சீப்பு இருக்கும். எடுக்கறோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"தல ஈரமா இருக்கும். மெதுவா வாரணும். வகிடு இடது பக்கம். அவருக்கு அப்டித்தான் புடிக்கும்." கை காதுப் பக்கம் இறங்கியது. "காதாண்ட முடி தூக்கிக்கும். கைய வெச்சி அமுக்கி விடணும். வீட்டு ஆளுங்க வந்து பாப்பாங்க. பொண்ணு வந்து பாக்கும். கலஞ்ச தலயோட அனுப்பக் கூடாது."

பிளாஸ்டிக் மண்டையின் மேல் அவள் கை சற்று நேரம் அப்படியே இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையில் ஒரு பொருள் சில்லென்று பட்டது. பிறகு கால் பக்கம் போய் விரல்களைக் கட்டி, துணி சுற்றி முடித்தாள்.

"மூணாவது படி. கலைவாணன், சொல்லுங்க" என்றார் ரமா மேடம். கலைவாணன் சொன்னார், ஹெலன் செய்தாள். சீப்பு வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் தணிந்தது. நாலாவது படியில் எல்லாவற்றையும் அவரே செய்து முடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ரமா மேடம் ஹெலனின் தட்டருகே வந்து நின்றார். "நேரம் தாண்டிட்டீங்க. ஆனா பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெலன் தலையாட்டினாள். ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது.

சாயங்காலம் மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"இன்னாம்மா? சாவி என்னாண்டதான் கீது."

"அதுக்கில்ல. அப்பாவுக்குக் கடசியா இன்னா பண்ணேன்னு கேட்டியே."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை ஷாரோன் நிறுத்தினாள்.

"தல வாரி வுட்டேன்டி."

ஷாரோன் கேட்டாள். "வகிடு?"

"லெப்ட்லதான். ஒழுங்கா வாரித்தான் அனுப்புனேன்."

மகள் உடைந்து அழுதாள். பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் பார்க்க ஹெலனும் அழுதாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. செங்கல்பட்டு பஸ் வந்தது, கண்டக்டர் கூவிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார், போய்விட்டது.

"சீப்பு என் யூனிபார்ம் கோட்டு பாக்கெட்ல கீது," என்றாள் மூச்சு திரும்பியதும். "அன்னிக்குப் போட்டிருந்தது. தோய்க்கவே இல்ல, கவர்ல சுத்தி வார்டு லாக்கர்ல வெச்சிட்டேன். ஏன் வெச்சேன்னுகூட எனக்குத் தெரியாது. இப்பப் போயி எடுத்துகினு வரேன்."

"வார்டுக்கா?"

"ஆமா. ஆறாம் பெட்டத் தாண்டித்தான் போணும்."

"நீ தனியாப் போவாத," என்றாள் ஷாரோன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் ட்ரெயின் புடிச்சி வரேன். செங்கல்பட்டு ஸ்டேஷன்லயே நில்லு. ரெண்டு பேரும் போலாம்."