ஒற்றைச் சொல் பதில்

எட்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சளியை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளராமல் இருந்தால் நல்லது. மகள் இதைத் தமிழில் சொன்னதும் அம்மா சற்று யோசித்துவிட்டு, "விதையைப் போட்டுட்டு முளைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கணுமாக்கும்" என்றாள்.

"உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் கேட்டார்.

"சரி என்கிறார்" என்றாள் மகள்.

அம்மாவின் பேச்சைச் சுருக்கிச் சொல்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பல் டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் தன் பெண் சின்னவளின் பள்ளி வாசலிலும் அம்மா பத்து வார்த்தை பேசினால் இவள் ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். கேட்கிறவர்களுக்கு நேரமில்லை என்பது ஒரு காரணம். அம்மா பேச ஆரம்பித்தால் சம்பந்தமே இல்லாத ஆட்களெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்பது இன்னொன்று. ஆனால் இதே அறையில், மூன்று வாரத்துக்கு முன்னால், முதல் பரிசோதனையின்போது அவள் செய்ததைச் சுருக்கம் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு டாக்டர் கணினியைப் பார்த்தபடி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா. பிறகு, எப்போதாவது காசநோய் வந்ததுண்டா, அதற்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்றார். மகள் அதையும் கேட்டாள். டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறவள் அம்மா. ஆனாலும் குரல் தானாகத் தாழ்ந்தது.

"வந்துச்சே. உனக்கு அப்ப ஆறு வயசு. நீ மாமா வீட்ல இருந்தியே, அந்த வருஷம். ஒம்பது மாசம் மாத்திரை, ஒரு நாள் விடலைன்னு சொல்லு. நல்லாயிடுச்சுன்னு அந்த டாக்டரே எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டைத்தான் உங்கப்பா கிழிச்சுப் போட்டுட்டாரு, வீட்ல இருந்தா யாராவது பாத்துடுவாங்கன்னு."

மகள் டாக்டரிடம் திரும்பி, "இல்லை" என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நீளப் பதிலுக்கு இவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பு இருக்காது என்று மொழியே தெரியாதவருக்கும் தெரியும். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தப் பதில்களின் நகல் அவளுடைய கணவனிடம் போகும். அதுதான் காரணம். அவன் பஸ் கம்பெனியில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். அம்மா இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்ப வேலை முழுக்க அவனுடையது. தடித்த கோப்பு ஒன்றைத் திறந்து, பிறப்புச் சான்றுக்கு மஞ்சள், மருத்துவத்துக்குச் சிவப்பு என்று ஓரத்தில் சீட்டு ஒட்டியிருந்தான். ஒரு தாளையும் படிக்காமல் உள்ளே வைக்கிற ஆள் இல்லை.

கல்யாணப் பேச்சு நடந்தபோது அவனுடைய அம்மா நேராகவே கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது பெரிய வியாதி உண்டா என்று. "தலைவலிகூட வந்ததில்லைங்க" என்றார் மாமா. பத்து வயதிலேயே விஷயம் தெரிந்துகொண்டிருந்த அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது, வாய் இருந்தது, கால் இருந்தது, எழுந்து போய்ச் சொல்லவில்லை. அதற்கப்புறம் பதினோரு வருடத்தில் சொல்வதற்கு ஆயிரம் சந்தர்ப்பம் வந்தது. ஒவ்வொன்றும், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டே வந்தது.

அவள் "இல்லை" என்ற மறு வாரம் எக்ஸ்ரேயில் அம்மாவின் வலது நுரையீரல் உச்சியில் ஒரு வடு தெரிந்தது. அதனால்தான் மூன்று நாள் சளியும் எட்டு வாரமும்.

விண்ணப்பம் நின்றுபோனால் அம்மா திரும்ப வேண்டும். எங்கே என்று யாரும் பேசவில்லை. அப்பா போன பிறகு தனியாக இருந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்க ஈரத் தரையில் கிடந்தாள். அதற்குப் பிறகு அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் இங்கே கூட்டி வந்தார்கள்.

எட்டு வாரத்தில் முதல் வாரமே மகள், சின்னவளின் படுக்கையை அம்மாவின் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினாள்.

"ஏம்மா? பாட்டி குறட்டை விடறாங்கன்னு நான் கம்ப்ளைண்ட் பண்ணவே இல்லையே."

"உனக்குப் பரீட்சை வருதுல்ல."

"ரெண்டாங் கிளாஸுக்கு ஏதும்மா பரீட்சை?"

அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "போடி, கூடத்துல படுத்தா டிவி பக்கத்துல இருக்கும்" என்றாள். சின்னவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் வாரம் அம்மாவின் தட்டும் டம்ளரும் அலமாரியின் மேல் அடுக்குக்குத் தனியாகப் போயின. கணவன் சொல்லிச் செய்திருந்தால் பழியை அவன்மேல் போட்டிருக்கலாம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோய் இருபத்தொன்பது வருடம் முன்பே ஆறிவிட்டது என்று அந்த வீட்டில் அம்மாவைத் தவிர அறிந்தவள் அவள் ஒருத்திதான். அறிந்தும் பிரித்து வைத்தாள். ஒன்றும் தெரியாதவள் எப்படி நடந்துகொள்வாளோ அப்படி நடக்க வேண்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி. மீதிப் பாதி வெறும் பயம். அம்மா இருமும்போதெல்லாம் சின்னவள் எங்கே இருக்கிறாள் என்று இவள் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். எல்லாருடைய பாத்திரமும் கழுவி முடிந்த பிறகு தன்னுடையதை எடுத்துக் கழுவி, எக்கி, மேலே வைத்தாள். எட்டாதபோது ஸ்டூல் போட்டுக்கொண்டாள்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் ஃப்ரேம் காட்டுகிறவர் ஒருவர், பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது இவள். வட்டமாக வரும் லென்ஸில் கண்மணி எங்கே வரும் என்று புள்ளி வைத்து, மெஷினில் பொருத்தி, ஃப்ரேமின் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தை இழைக்க வேண்டும். புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் போடுகிறவருக்குத் தலை சுற்றும். ஐந்தாம் வாரத்தில் ஒரு டிரைவரின் ஃப்ரேமுக்கு அவள் இரண்டு லென்ஸையும் இடது கண்ணுக்கே வெட்டிவிட்டாள்.

ஃப்ரேம்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ரெண்டுமே இடது. ஒரு பக்கம் திரும்புறதா இருந்தா மட்டும் வண்டியை எடுங்கன்னு சொல்லிடுவோமா?"

"புதுசு வெட்டிடறேன் அண்ணே."

"வெட்டு. ஆனா வீட்டுக் கவலையை மெஷினுக்குப் பக்கத்துல வெக்காதே, விரல் போயிடும். அம்மாவுக்கு ரிசல்ட் வரலியா?"

"இன்னும் மூணு வாரம்."

"நல்லபடியா வரும், பாரு."

அவர் முன்பக்கம் போன பிறகு அவள் வெகுநேரம் மெஷினைப் போடாமல் நின்றாள். அவர் கேட்டபோதுதான், தான் காலையிலிருந்து எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. கிருமி வளர்ந்திருக்கிறது என்று வந்துவிட்டால், புதிதாக வந்த நோய் என்று ஆகிவிடும். பழையதை யாரும் தோண்டமாட்டார்கள். மருந்து, தாமதம், மறுப்பு, அம்மா திரும்பிப் போவாள். விமான நிலையத்தில் எல்லாரும் அழுவார்கள், இவளும் அழுவாள், பேச்சு அதோடு முடிந்துபோகும். பெற்ற தாய்க்கு நோய் வர வேண்டும் என்று ஒருத்தி லென்ஸ் வெட்டிக்கொண்டே நினைத்திருக்கிறாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் கையைக் கழுவினாள்.

எட்டாம் வாரம் கூப்பிட்டார்கள். இந்த முறை கணவன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். மூன்று நாற்காலி போட்டார்கள். அவன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுவும் வளரவில்லை" என்றார் டாக்டர். "இப்போது நோய் இல்லை."

மகள் சொன்னாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கணவன் பெருமூச்சு விட்டான்.

"ஆனால் அந்த வடு பழைய காசநோய் ஆறிய வடு. மருந்து சாப்பிடாமல் தானாக ஆறியது என்றால் நான் வேறு விதமாக எழுத வேண்டும். இன்னும் சில சோதனைகள் வரும். முதல் தடவை கேட்டபோது இல்லை என்றிருக்கிறது. மறுபடி ஒரு தடவை அம்மாவைக் கேளுங்கள்."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். கேள்வியை ஒரு வார்த்தை குறையாமல் கேட்டாள். அம்மா இவளைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்த்தாள்.

"வந்துச்சு மாப்பிள்ளை. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. இவளுக்குத் தெரியாது, சின்னப் பொண்ணு. அன்னிக்கு இவ கேட்டப்ப நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு இல்லைன்னுட்டேன். மாத்திரை முழுசாச் சாப்பிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க."

டாக்டர் மகளைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கிறவள் என்று தாளில் பதிவாகியிருந்தது அவள் பெயர்தான். அம்மா சொன்னதை வரிக்கு வரி சொன்னாள். என் மகளுக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள். இவ்வளவு சரியாக அவள் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை.

டாக்டர் கனிவாகத் தலையாட்டினார். பல குடும்பங்களில் இப்படித்தான், பிள்ளைகளுக்கு எதுவும் தெரிவதில்லை என்றார். பழைய சீட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை. எப்போது வந்தது, என்ன மருந்து, முதலில் ஏன் இல்லை என்றார்கள் என்று ஒரு தாளில் எழுதி அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்.

காரில் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தாள். சிக்னலில் நின்றபோது கணவன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம் அத்தை. ரெண்டு மாசமா நாங்க தூங்கவே இல்ல."

"தப்புதான் மாப்பிள்ளை."

"இவகிட்டயாவது சொல்லியிருக்கணும். பெத்த பொண்ணு."

"தப்புதான். சொல்லணும்னு புத்தி போகலை."

அறுபத்தாறு வயதுக்காரி, பின்சீட்டில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செய்யாத தப்புக்கு இரண்டு முறை ஒப்புக்கொண்டாள். முன்சீட்டில் மகள் சீட் பெல்ட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது.

மறுநாள் காலை, கணவன் சின்னவளைப் பள்ளியில் விடப் போனபோது அவள் சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவும் எடுத்து வைத்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். வருடம், ஆஸ்பத்திரி, மாத்திரையின் நிறம். மகள் எழுதினாள்.

"அப்புறம் எழுது. இது என் மகளுக்குத் தெரியாது. நான் மறைச்சுட்டேன். டாக்டர் கேட்டப்ப நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

பேனா நின்றது.

"என்னடி?"

"எனக்குத் தெரியும்மா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும்தான் தெரியும். எழுது." அம்மா ஒரு பீன்ஸின் நாரை உரித்து ஓரமாக வைத்தாள். "உன்னைக் காட்டிக் குடுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எம்மேல போட்டா ஒரு திட்டோட போயிடும். நீ இன்னும் எத்தனை வருஷம் அவரு மூஞ்சில முழிக்கணும்."

"தட்டைத் தனியா வெச்சேனேம்மா."

"அதுக்கென்ன. குழந்தை இருக்கிற வீடு."

"தெரிஞ்சே வெச்சேன்."

கத்தி கொஞ்ச நேரம் பலகையைத் தொடாமல் இருந்தது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது. மகள் குனிந்து எழுதினாள். எழுதி முடித்துத் தாளை நகர்த்தினாள். அம்மாவுக்கு டாக்டரின் மொழியில் இருந்த அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு, காட்டின இடத்தில் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பீன்ஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

கணவன் திரும்பி வந்து ஸ்கேன் பண்ணுவதற்கு முன் வழக்கம்போலப் படித்தான். பாதியில் நின்று மறுபடி மேலேயிருந்து படித்தான்.

'அம்மா அன்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். நான் மாற்றிச் சொன்னேன். அந்த நோய் வந்தது எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். மகள்.' கீழே அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

"இது அத்தை சொன்னதா?"

"இல்ல. நடந்தது."

"பத்து வயசிலேருந்தா?"

"ஆமாங்க."

"கல்யாணத்துக்கு எங்கம்மா கேட்டப்ப..."

"தெரியும். உள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் தாளின் ஓரத்தை மேசையின் ஓரத்தோடு சரியாகப் பொருத்தி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் குழாய் ஓடி நின்றது.

"நேத்து கார்ல நான் அவங்களைப் பேசினேன். நீ பக்கத்துலதான் இருந்தே" என்றான்.

அவள் மேசையில் திறந்து கிடந்த பேனாவை மூடினாள்.

"மாப்பிள்ளை, எல்லாம் சரியா இருக்கா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்னொரு இடத்துல கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

"இருங்க அத்தை." அவன் தாளை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. என்ன போட்டிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். போய்ப் படிச்சுக் காட்டு. அப்புறம் மத்ததைப் பேசலாம்."

அவள் சமையலறை வாசலில் போய் நின்றாள். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த அம்மா, அவள் கையிலிருந்த தாளையும் அவளையும் பார்த்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"மாப்பிள்ளை படிச்சாச்சா?"

"படிச்சாச்சு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து மகள் நின்றாள்.

"சரி, படி" என்றாள் அம்மா. "ஒரு வார்த்தை விடாம படி."