ஹீட்டர் புத்தகத்தை எழுதியவன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவிலோ கடற்கரையிலோ கிடைக்கவில்லை, தொலைபேசியில் கிடைத்தது. நான் நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் எல்லோரையும் நான் வசிக்கும் ரியேகா நகரில் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், உட்கார இடமும் மிச்சமிருக்கும். பிழைப்புக்கு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன். சலவை இயந்திரம், புல்வெட்டி, போன வருடம் நீச்சல்குளத்து ஹீட்டர். இருபது வருடத்தில் எந்த வாசகரும் என்னைத் தேடி அழைத்ததில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவர் அழைத்தார்.

"ஹீட்டர் புத்தகம் எழுதினது நீங்கதானே? கம்பெனில உங்க நம்பர் குடுத்தாங்க. அதுல ஒரு இடம் புரியலை. வந்து விளக்க முடியுமா?"

நியாயமாக நான், அம்மா, நான் வெறும் மொழிபெயர்ப்பாளன், ஸ்குருவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாசகி என் எழுத்தில் ஓரிடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறார்! தலைகால் புரியவில்லை எனக்கு. இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஊரான லாபினுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

2

இந்தக் கதையின் தொடக்கத்தை எழுதுவதில்தான் தகராறு. முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: வசந்தத்தின் இளவெயிலில் அந்த நீலக் குளம் ஒரு மாபெரும் விழியைப் போல வானத்தை

போதும். குளம் விழியைப் போல இல்லை, குளத்தைப் போலத்தான் இருந்தது. ஒன்பது மீட்டர் நீளம், ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி, மேலே நாலைந்து பைன் ஊசிகள்.

இரண்டாவது வரைவில், என்னை அழைத்தவரின் கணவர் ரொமானோவை மீனவராக்கியிருந்தேன். கடல், வலை, சுருங்கிய கண்கள் எல்லாம் தானாக வந்து விழுந்தன, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. (அந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டினேன். "படகுல ஏறினாலே எனக்கு வாந்தி வரும்பா. பஸ் டிரைவர்னே போடு," என்றார். போட்டுவிட்டேன்.)

ஆக, ரொமானோ, எழுபத்தொரு வயது, லாபின்–ரியேகா தடத்தில் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். போன ஜூனில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, அதில் கிண்டல் முழுசாகத் திரும்பியிருக்கிறது. லிபேரா அவர் மனைவி, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை அழைத்தது அவர்தான். வாசலிலேயே "வாங்க இன்ஜினியர் சார்" என்றார். நான் மறுக்கவில்லை.

3

மேல்மாடியில் வாடகைக்குத் தங்கும் ஜெர்மன் விருந்தினர்களுக்காகக் கட்டிய குளம் அது. இப்போது விருந்தினர்களை விடுவதில்லை, ரொமானோவுக்கு மட்டும்தான். தரையில் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. முப்பத்தோரு டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கிவிட்டால், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிடுவார். மொத்தம் பதினான்கு அடி எடுத்து வைப்பார். குளிர்ந்த தண்ணீரில் கால் மரக்கட்டையாக இறுகிவிடுகிறது.

"ஒரு வருஷத்துக்குள்ள என்ன திரும்புதோ அதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார் லிபேரா. "பதினோரு மாசம் ஆச்சு. இப்ப பதினோரு நாளா ஹீட்டர் நின்னு கிடக்கு."

ஹீட்டரின் சின்னத் திரையில் 'நீரோட்டம் இல்லை' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடவில்லை என்று நினைத்துவிட்டால் அது சூடேற்றாது. வெறும் குழாயைச் சூடாக்கினால் உள்ளே வெந்து போய்விடுமாம். (இதெல்லாம் என் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நான் எழுதியதுதான், ஆனால் அங்கே நின்றபோதுதான் முதல்முறையாகப் புரிந்தது.)

தினமும் காலையில் லிபேரா என் அட்டவணைப்படி எல்லாம் செய்திருக்கிறார். ஒன்று, குப்பைக் கூடையைச் சுத்தம் செய்யவும். இரண்டு, பம்ப் மூடியில் காற்று புகுகிறதா பார்க்கவும். மூன்று, ஃபில்டரைக் கழுவவும். நான்கு, வால்வுகள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஐந்து, சுற்றுவழி (பைபாஸ்) வால்வைச் சற்று மூடவும். அஞ்சு வரைக்கும் சரியாகத்தான் வருகிறது, ஆறுதான் முடியவே மாட்டேன் என்கிறது என்றார்.

4

பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த என் கையேட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். கோட்பாட்டு விவாதத்துக்குத் தயாரானவனைப் போல நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

6. [இது நாளைக்கு]

அதற்குக் கீழே: 7. மேற்கண்டவை யாவும் பயனளிக்காவிடில் தொழில்நுட்ப வல்லுநரை அழைக்கவும்.

அந்த அடைப்புக்குறியை எனக்கு நன்றாகத் தெரியும்.*

"அஞ்சும் முடிச்சிட்டு, சரி, நாளைக்குன்னு விட்டுடுவேன். மறுநாள் மறுபடி ஒண்ணுலேர்ந்து," என்றார் லிபேரா. "தபாலாபீஸ்ல முப்பது வருஷம். ஆறு முடியாம ஏழுக்குப் போகக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். கொத்தனார் நாளைக்குங்கறான், நகராட்சில நாளைக்குங்கறாங்க. கடைசில ஒரு புத்தகமாவது உண்மையை எழுதியிருக்குன்னு நெனச்சேன்."

சக்கர நாற்காலியிலிருந்து ரொமானோ, "நான்தான் போன் பண்ணச் சொன்னேன். அந்த நாளைக்கு எப்ப வரும்னு எழுதினவனையே கேளுன்னு," என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

* எழுதும்போது தெரியாத இடம் வந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது கிறுக்கிவிட்டு மேலே போவது என் பழக்கம். அன்று ஆறாவது வரி நீளமாக இருந்தது, அதில் ஒரு பாகத்துக்குப் பெயர் தெரியவில்லை, பசி வேறு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவன் மறுநாள் என் நாவலின் கதாநாயகியை ரயிலேற்றுவதில் மும்முரமாகிவிட்டேன். அச்சிட்டவர்கள் அடைப்புக்குறியோடு அச்சிட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு முழுப் பகல் யோசித்தேன், முடியவில்லை.

5

ஒரு கதாநாயகன் தன் அறிவின் உச்சத்தை அடையும் காட்சி, கழிப்பறையில். கதவைத் தாழிட்டுக்கொண்டு கைபேசியில் மூலக் கையேட்டைத் தேடிப் பிடித்து ஆறாவது வரியை மூன்று முறை படித்தேன். வெளியே வந்ததும் குரலை ஒரு படி தாழ்த்தி, மின்சாரத்தை நிறுத்துங்கள் என்றேன். இன்ஜினியர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைப்பு.

வால்வுகளை மூடி, குழாயில் பொருத்தியிருந்த நீரோட்ட உணரியைக் கழற்றினோம். கழற்றியது லிபேரா, நான் சுட்டிக்காட்டினேன். உள்ளே கட்டைவிரல் நகத்தளவு ஒரு தகடு இருக்கிறது. தண்ணீர் ஓடினால் அது மடங்க வேண்டும், மடங்கினால்தான் ஹீட்டர் நம்பும். எங்கள் பகுதித் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து அது அசையாமல் இறுகியிருந்தது. தண்ணீர் பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

(இந்த இடத்தில் என் எழுத்தும் இப்படித்தான் இறுகிப்போய்க் கிடக்கிறது என்று ஓர் உருவகம் வர வேண்டும். வந்தது. அடித்துவிட்டேன்.)

காப்பிக் கோப்பையில் வினிகர், ரொமானோவின் பழைய பல் துலக்கி, அரைமணி நேரம். மேலேயிருந்த அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்கும்படி உணரியைத் திரும்ப மாட்டி, வால்வுகளைத் திறந்து, மின்சாரத்தைப் போட்டோம். சிவப்பு எழுத்து வரவில்லை. ஹீட்டர் உறுமியது.

லிபேரா என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பதினேழு டிகிரித் தண்ணீர் முப்பத்தொன்றாக இரண்டு நாளாகுமாம், நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று என்னை மாடி அறையில் தங்க வைத்துவிட்டார். காட்டு அஸ்பாரகஸ் தண்டு போட்ட முட்டைப் பொரியலும் மால்வாசியா ஒயினும் வந்தன. இன்ஜினியர் சார் வெட்கமில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

6

[இந்தப் பகுதி

இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் மதியம் லிபேரா ரொமானோவின் காலில் ஆலிவ் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. போன மாதம் இந்த அளவுக்கு மடங்கியது என்று கையால் அளவு காட்டினார். பிறகு, "நீங்க மட்டும் வரலேன்னா என்ன பண்ணியிருப்பேன்," என்றார். அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த 'நாளைக்கு' உங்களுக்குச் சொன்னது இல்லைம்மா," என்றேன். "எனக்கு நானே குறிச்சு வச்சது. அந்த வரியை எழுத சோம்பேறித்தனம். அப்புறம் மறந்துட்டேன். நான் இன்ஜினியரும் இல்ல."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் திட்டை எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பதினோரு நாள்," என்றார். "ஒரு நாள்கூட விடாம செஞ்சேனே. நான்தான் எங்கயோ தப்பா செய்யறேன்னு நெனச்சுக்கிட்டு." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரொமானோ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நாவல்லயும் இப்படித்தான் ஓட்டை விடுவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரொமானோ பதினான்கு அடியும் நடந்து, பதினைந்தாவதாக ஒரு தாவும் தாவினார். கிழித்துவிட்டேன், அது என் குற்றவுணர்ச்சி எனக்கே கொடுத்த லஞ்சம். இன்னொன்றில் நான்காவது அடியில் நின்றுவிட்டார், லிபேரா அழுதார், மழை பெய்தது. அதில் நான் என்னைத் தண்டித்துக்கொள்ளும் சுகம் இருந்தது, ரொமானோ இல்லை. மூன்றாவதில் நான் அதிகாலையில் யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பெட்டியைக்கூடக் கட்டியிருந்தேன்.

நடந்தது இதுதான். மூன்றாம் நாள் காலை தண்ணீர் முப்பத்தொன்று. மாடிப்படியில் லிபேரா நின்றிருந்தார், கையில் ரொமானோவின் பழைய அரைக்கால் சட்டை. இப்போது 'சார்' இல்லை, 'நீங்க'வும் இல்லை.

"போட்டுக்கிட்டு எறங்கு தம்பி. பதினோரு நாளுக்கு மேல அந்தக் கால் சும்மா இருந்துடுச்சு, வலு போயிருக்கும். வலப் பக்கம் கம்பி இருக்கு. இடப் பக்கம் நீ பிடிச்சுக்கோ."

எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். மார்பளவுதான் என்றார். இறங்கினேன். ரொமானோவின் இடது கை என் தோளில் விழுந்தது, நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரால் இல்லை, பயத்தால் என்று அவரே சொன்னார். கரையில் லிபேரா இரண்டு கையையும் பிசைந்தபடி, என்னால் எண்ண முடியாது, பார்க்கவே முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எண்ணுகிறேன் என்றேன்.

"நீ வேண்டாம்," என்றார் ரொமானோ. "நடுவுல ஒண்ணை முழுங்கிடுவே."

சரியாகத்தான் சொன்னார். எத்தனை அடி என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என் எழுத்தை நம்பி ஒருவர் பதினோரு நாள் இழந்தது போதும். அதனால் கொஞ்சம் இப்படி வந்து குளத்து ஓரமாக நில்லுங்கள், தரை வழுக்கும், பார்த்து. என் இரண்டு கையும் அவர் அக்குளில் இருக்கின்றன, பேனா பிடிக்க வழியில்லை. இடது முழங்கால் தண்ணீருக்குள் மெல்ல மடங்குகிறது. பாதம் தரையை விட்டு எழும்புகிறது. எண்ணத் தொடங்குங்கள்.