சுறாத் தாடை நேர்ச்சை

உவரியில் கஸ்பாருக்குத் தலைக்கனம் என்று சொல்லாத ஆள் கிடையாது. இருக்கட்டுமே, அதற்குக் காரணமும் இருந்தது. ஒன்று, அவருடைய சுறாத் தூண்டில். அதில் மாட்டிய சுறா தப்பிப் போனதாக வரலாறு இல்லை. இன்னொன்று, மகள் கித்தேரி. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் பஸ் பிடித்து ஊருக்கு வந்து, பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவாள். அலை எழும்பும்போது அவளும் பலகைமேல் எழும்பி நின்று கரைவரை சறுக்கி வருவாள். 'பொட்டப்பிள்ளைக்கு என்ன இந்தக் கூத்து' என்று முகவாயில் கைவைத்த பெண்களே, அவள் அலைச்சறுக்குப் போட்டியில் கோப்பை வாங்கி வந்ததும் 'எங்க ஊருப் பிள்ளை' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஊர் வாய் அப்படித்தான். கஸ்பார் மட்டும் முதல் நாளே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவர்.

சாளை மீன் கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வந்த பருவம் அது. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பலகையின்மேல் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைக்குக் காத்திருந்தாள் கித்தேரி. ஒரு சுறா அவள் கெண்டைக்காலைக் கவ்வியது, பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டது. பிள்ளை கத்தவில்லை. பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவித் தானே கரைக்கு வந்து, "யப்பா, கட்டுப்போட துணி கொண்டாங்க" என்றாள். மயங்கி விழுந்தது அப்பாதான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், கால் பழையபடி ஊன்றுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கஸ்பார் அங்கேயே, வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க மண்டியிட்டார்.

"அந்தோணியாரே! எம்பிள்ள கால நேராக்கிக் கொடும். அந்தச் சுறாவோட தாடைய அறுத்துக் கொண்டாந்து உம்ம கெபியில, உம்ம சொரூபத்துக் காலடியில வைக்கேன்!"

மனதுக்குள் வேண்டியிருந்தால் அவருக்கும் அந்தோணியாருக்கும் உள்ள விவகாரமாகப் போயிருக்கும். கடல் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அது. மனைவி வியாகுலத்தின் காதில் விழுந்தது, அவருடைய வள்ளத்தில் தொழில் பார்க்கும் அப்பாத்துரை காதில் விழுந்தது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விழுந்துவிட்டது.

கால் தேறியது. தழும்பு மட்டும் பிறை மாதிரி நின்றது. கித்தேரி முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள், ஒருநாள் பலகையைத் துடைத்து வெயிலில் வைத்தாள். திருவிழாவும் நெருங்கியது. "தாடை எப்பவே வருது?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கஸ்பாரைக் கேட்டார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு தூண்டில் முள்ளைத் தீட்டினார்.

"யப்பா, நேர்ச்சைய மாத்திக்கிடுங்க" என்றாள் கித்தேரி. "மெழுகுவத்தி ஏத்துங்க, ஊருக்கு அசனம் போடுங்க. அந்தச் சுறாவ விட்டுருங்க."

"உங்கால கடிச்சது அதுட்டி!"

"சாளை மேயுத எடத்துல, கலங்கத் தண்ணில கால தொங்கப்போட்டது நானு. அது சாப்பிடுத எலையில போயி கால வச்சிருக்கேன். அது ருசி பாத்துட்டு, இது நம்ம சாப்பாடு இல்லன்னு துப்பிட்டுப் போயிட்டு. அம்புட்டுத்தான். அது வீட்டுக்குள்ள நாந்தான் போறேன், அது நம்ம வீட்டுக்கு வரல."

"நல்லா பேசப் படிச்சிருக்க."

"நீங்க சொன்னதுதான். முந்தி சுறா கரைக்குப் பக்கத்துலயே வரும், இப்ப தேடித் தேடிப் போனாலும் இல்லன்னு பொலம்புதிய. இருக்க ஒண்ணு ரெண்டையும் நேர்ச்சைக்குன்னு கொன்னா, அப்புறம் கடல்ல என்னதான் இருக்கும்?"

அவள் சொன்னது கஸ்பாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்ததால்தான் எரிச்சல் கூடியது.

வியாகுலம் அடுப்படியிலிருந்து வந்தாள். "புனிதருகிட்ட வாயக் கொடுத்துட்டு ஏமாத்தக் கூடாது. கொடுத்த கால அவரு திருப்பி எடுத்துக்கிட்டா என்ன செய்ய?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாவம் கஸ்பார். மகள் சொல்லைக் கேட்டால் அவள் காலுக்கு என்ன வருமோ என்ற பயம். கேட்காவிட்டால் அந்த மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பயம்தான் ஜெயித்தது. விடியற்காலை தூண்டிலை வள்ளத்தில் ஏற்றினார். பார்த்தால், கித்தேரி முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"பொம்பளை வள்ளத்துல ஏறுனா மீன் படாது" என்றார் அப்பாத்துரை.

"படாட்டி எனக்குச் சந்தோசம், மாமா" என்றாள் அவள். "நேர்ச்சை எங்காலுக்கு. எங்காலு இல்லாம எப்படிப் போவிய?"

மீன் பட்டது. வெயில் ஏறிய நேரத்தில் கயிறு விர்ரென்று இழுபட்டது. இரண்டு ஆண்களும் மாறி மாறி இழுத்தார்கள். கஸ்பாரின் உள்ளங்கை தோல் உரிந்தது. கடைசியில் அது களைத்துப்போய் வள்ளத்தின் ஓரத்துக்கு வந்தது. ஆளுயரத்துக்கும் மேலே இருந்தது. கயிறு இழுத்துப் பிடித்ததில் அதன் தலை தண்ணீருக்கு மேலே நின்றது. அப்பாத்துரை தடியை ஓங்கினார்.

"மாமா, இது அதுதானா?" என்றாள் கித்தேரி.

தடி அந்தரத்தில் நின்றது. அப்பாத்துரை கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் சுறாவைப் பார்த்தார். அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

"எதுவா இருந்தா என்ன?" என்றார். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"யாருகிட்ட சொன்னிய? அந்தோணியாருகிட்ட." கித்தேரி விடவில்லை. "கரையில உள்ள மனுசங்க காது கொடுக்கலைன்னு கடலப் பாத்துப் பிரசங்கம் பண்ணுனாருல்லா அவரு? மீனெல்லாம் தண்ணிக்கு மேல தலைய நீட்டிக் கேட்டுச்சுன்னு ஞானோபதேச வகுப்புல சொல்லித் தந்தாவள்லா? இங்க பாருங்கப்பா. இதுவும் தலைய நீட்டிக்கிட்டுத்தான் கெடக்கு. அவரு பேச்சக் கேட்ட சாதியோட தாடைய அறுத்து அவரு முன்னாலயே வைக்கப் போறிய. அவரு சந்தோசப்படுவாரா?"

கஸ்பார் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. வருஷா வருஷம் கோயிலில் கேட்ட கதை. மீனுக்குப் பிரசங்கம் செய்தவரிடம் போய் மீன் தாடையை நேர்ந்துகொண்ட மடையன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு உள்ளே, இந்தப் பிள்ளையையா நான் பெற்றேன் என்று ஒரு பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"தடிய கீழ போடுவே" என்றார். கத்தியை எடுத்துக் குனிந்து, முள்ளுக்குப் பக்கத்திலேயே கயிற்றை அறுத்தார். சுறா கொஞ்ச நேரம் அங்கனயே கிடந்தது. பிறகு பைய வாலை அசைத்து ஆழத்துக்குப் போனது.

திருவிழா அன்றைக்குப் பூசை முடிந்ததும் கெபி முன்னால் ஊரே கூடிவிட்டது. கஸ்பார் வெறுங்கையோடு வந்தார்.

"என்னவே, தாடை எங்க?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்றார் கஸ்பார். "அது வாயில."

கூட்டம் சிரித்தது. 'சுறாக்கிட்ட தோத்துட்டான்' என்றது ஒரு குரல். அப்பாத்துரைக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, எவம்லே அது? மாட்டுனது மாட்டுனதுதான். நான் கண்ணால பாத்தேன். கயித்த அறுத்து விட்டது அவரு. பிடிக்கதுக்குக் கையில பெலம் இருந்தாப் போதும். கிட்ட வந்தத விடுததுக்கு உங்கள்ல எவனுக்குடே மனசு இருக்கு?"

கஸ்பார் கெபியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "அந்தோணியாரே, தெரியாம நேந்துட்டேன். இனி சுறாவுக்குத் தூண்டில் போட மாட்டேன். தாடைக்குப் பதிலா இந்தச் சொல்ல வச்சிக்கிடும். கோவம்னா எங்கால எடும், பிள்ள கால விட்டுரும்."

யாரும் சிரிக்கவில்லை. எத்தனையோ முறை சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெரு வழியாக வந்தவர்தான். வெறுங்கையோடு திரும்பிய அன்றைய நடையில் இருந்த மிடுக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் காலை, கடி பட்டதற்குப் பிறகு முதல் தடவையாக, கித்தேரி பலகையோடு கடலுக்குள் இறங்கினாள். வியாகுலம் கரையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். நேர்ந்தபடி நேர்ச்சை செலுத்தாத காலாயிற்றே! பெரிய அலை ஒன்று எழும்பியதும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க, காலு ஊனுதாளா? என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

கஸ்பார் அவள் தோளைத் தட்டினார்.

"கண்ணத் தொறந்து பாருட்டி" என்றார். "உம்மவ நிக்கா!"