கூடைக்கு ஜாமீன்

கிருஷ்ணப்பன் சங்கரா மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மகளின் தட்டில் வைத்தான். நாலு வயதுப் பூவம்மா அப்பனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். அம்மு குழம்புச் சட்டியோடு சுவரோரமாக நின்றாள். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“செவ்வாக்கெழம பத்து மணிக்குக் கோர்ட்டு,” என்றான். “நீ வேற ஒண்ணியும் பேச வாணாம். ஐயா கேட்டா, ‘ஆமா சாமி, சமாதானம் ஆயிட்டோம், இனிமே பணம் வாணாம்’னு ஒரு வார்த்த சொல்லு. இன்னாமே, காதுல வுழுந்துச்சா?”

“வுழுந்துச்சு.”

அவன் திரும்பி வந்து நாற்பது நாளாகிறது. இந்த நாற்பது நாளில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. முன்பெல்லாம் உப்புக் குறைந்தால் தட்டு தெருவுக்குப் போகும். பின்னாலேயே அம்முவும் போவாள். அடிக்கிறவன் அடித்தால் அது இன்னதென்று தெரியும். அடிக்காமல் இருப்பது எதற்கென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்து நாலாவது வருஷம் அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் கிருஷ்ணப்பன், எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்த ஒருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். அம்மு தண்டையார்பேட்டை மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளி வயிற்றைக் கழுவினாள். தெருப் பெரியவர்களிடம் மூன்று தடவை முறையிட்டாள். “பாக்கலாம்” என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் அவள் கோர்ட்டுக்குப் போனாள். குழந்தைக்கு மாசம் பதினைந்து ரூபாய் கட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. மூன்று மாசம் கட்டாமல் ஏய்த்தவனை வாரண்டு பிடித்துக்கொண்டு போய் இருபது நாள் உள்ளே வைத்தது. வெளியே வந்தபிறகு தேதி தவறாமல் கட்டினான்.

நாற்பது நாளுக்கு முன்னால் திடீரென்று அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்தது. தெருவுக்குப் பெரியவரான அய்யாத்துரை அவனை அழைத்துவந்து மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தினார். அவரோடு சேர்த்து எட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்பன் வெற்றிலை பாக்கு வைத்தான். அவன் குற்றம் தீர்ந்தது. தெருவை மீறிக் கோர்ட்டுப் படியேறிய குற்றத்துக்கு அம்மு பதினோரு ரூபாய் அபராதம் கட்டினாள். பிள்ளையைப் பட்டினி போட்டவனுக்கு வெற்றிலை, சோறு கேட்டவளுக்குத் தண்டம். அந்தத் தெருவின் நியாயம் அன்றும் அப்படித்தான் இருந்தது, அதற்கு முன்னும் அப்படித்தான் இருந்தது. கூடவே இன்னொரு தீர்ப்பும் சொன்னார்கள்: புருஷன் வீட்டோடு வந்துவிட்ட பிறகு கோர்ட்டு உத்தரவு வீட்டில் இருப்பது மானக்கேடு. அதை ரத்து செய்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை மண்டியில், காத்தூன் பீவி மிளகாய்க் குவியலைத் தள்ளிக்கொண்டு அம்முவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து வருஷமாக அங்கே காம்பு கிள்ளுகிறவள்.

“அம்மு, கேட்டா கோச்சிக்காதே. எந் தங்கச்சி மாப்ள பஷீரு எண்ணூர்ல மூங்கில் கடைல கீறான் இல்ல? நேத்து அந்தக் கடைக்கு ஒம் புருஷன் வந்துகீறான்.”

“நேத்து டூட்டின்னு சொன்னாரே, பீவியக்கா.”

“டூட்டிதான். நாலு கட்டு மூங்கி, இருநூறு கீத்து. பொதங்கெழம கூரை போடணும், அதுக்குள்ள வண்டில ஏத்தி அனுப்புன்னு சொல்லிட்டுப் போய்கீறான். அந்தப் பொம்பளைக்கு ஏழு மாசமாம்.”

செவ்வாய்க்கிழமை கோர்ட்டு. புதன்கிழமை கூரை. அம்முவின் கை அந்தரத்தில் நின்றது. வரும்போது ஒரு துணிப்பையோடு வந்தவன், பெட்டியை இன்னும் கொண்டுவரவில்லை. கேட்டபோதெல்லாம் “நாளைக்கி” என்றான். மிளகாய் மண்டியில் அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே எல்லார் கண்ணிலும் எந்நேரமும் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருக்கும்.

“நீ வாணான்னு சொல்லிட்டா பொறவு அந்த உத்தரவு திரும்பி வருமா?” என்று காத்தூன் பீவி கேட்டாள்.

“மொத தபா வாங்கவே ஒரு வருசம் ஆச்சுக்கா. அந்த ஒரு வருசம் எம் பொண்ணு கஞ்சித் தண்ணிலதான் கெடந்துச்சு.”

சாயங்காலம் அம்மு வீட்டுக்குப் போகவில்லை. மண்டி கிளார்க் ஜார்ஜிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொண்டு நேராக அய்யாத்துரை வீட்டுக்குப் போனாள்.

அய்யாத்துரை ஹார்பரில் கரி மேஸ்திரி. கரிக்கப்பல் வந்துவிட்டால் முதல்நாள் சாயங்காலமே கூலிகள் அவர் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். கரி சுமக்கும் கம்பெனிக் கூடைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜாமீன் இல்லாமல் யாருக்கும் கூடை தரமாட்டார். கூடை தொலைந்தால் ஜாமீன் போட்டவன் விலை கொடுக்கவேண்டும். கூடப்பிறந்த தம்பி மகனுக்கே ஜாமீன் கேட்டவர் என்று தெருவில் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கும் கரிக்கப்பல் வந்திருந்தது. வெற்றிலை வாங்கிக்கொண்ட மற்றப் பெரியவர்களும் பெஞ்சியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வியாசர்பாடியிலிருந்து வந்த புதுக்கூலி ஒருவன் கூடைக்குக் கை நீட்டினான்.

“ஆருடா ஜாமீன்?”

கூட வந்தவன் நோட்டில் கைநாட்டு வைத்தபிறகுதான் கூடை கை மாறியது. அம்மு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னால் வந்து தன் தாளை நோட்டின்மேல் வைத்தாள்.

“இன்னா இது?”

“படிச்சிப் பாருங்க, மாமா.”

அய்யாத்துரை எழுத்துக் கூட்டிப் படித்தார். கிருஷ்ணப்பன் மறுபடியும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போனால், குழந்தைக்குப் பதினாறு வயது ஆகும்வரை மாசம் பதினைந்து ரூபாய் நாங்கள் எட்டுப் பேரும் பொறுப்பேற்றுக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே எட்டுப் பேருக்கு இடம் விட்டிருந்தது. அவர் முதலில் சிரித்தார்.

“புருசன் மேல நம்பிக்க இல்லாதவளுக்கு இன்னாத்துக்குமே குடித்தனம்?”

“எனக்கு நம்பிக்க கீதோ இல்லியோ, வுடுங்க. உங்களுக்குக் கீதே மாமா. நீங்க எட்டு பேருதானே இட்டாந்து சேத்து வெச்சீங்க. கூடைக்குப் போடற ஜாமீனுதான். இத்தயும் போடுங்க, நாளைக்கே உத்தரவு வாணான்னு சொல்லிடறேன்.”

“கூடையும் குடும்பமும் ஒண்ணா? கூடை தொலஞ்சா கம்பெனிக்கு நானில்ல பதில் சொல்லணும்?”

“எம் பொண்ணு பட்டினி கெடந்தா ஆரு பதில் சொல்றது?”

வரிசையில் நின்ற கூலிகளில் ஒருவன் தொண்டையைச் செருமினான். அய்யாத்துரை கையெழுத்துப் போடாமல் தாளைப் பெஞ்சிப் பக்கம் தள்ளினார். விறகுக் கடைத் திருமலை, தன் மகனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். அந்த மகனுக்குப் பதிமூன்று வயது. இன்னொருவருக்குக் கடையைத் திறந்துபோட்டு வந்தது நினைவு வந்தது. மூன்றாமவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் இப்படிப்பட்டதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சட்டமே இருப்பதாகச் சொன்னார்; அவர் கார்ப்பரேஷனில் தெருவிளக்கு ஏற்றுகிறவர். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். கொஞ்சநேரத்தில் பெஞ்சியில் யாரும் இல்லை. அம்மு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்துவிட்டது. கிருஷ்ணப்பன் பூவம்மாவை மடியில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“காயிதம் எயுதிகினு போனியாமே?” என்றான், மெதுவாக.

அவள் அடுப்பை மூட்டப் போனாள்.

“நாளைக்கு மட்டும் ஒயுங்கா பேசிடு. புள்ள மேல ஆசை கீறவ நீ. அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது பாரு.”

குழந்தையின் தலையைத் தடவிய கை நிற்கவேயில்லை. அம்மு மகளைத் தூக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். விடிகிறவரைக்கும் பிடியை விடவில்லை.

மறுநாள் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் அவர்கள் வழக்குப் பத்தரைக்கு வந்தது. கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, பூவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்கிறவர்களுக்கு அவனைப்போல ஒரு தகப்பன் கிடைக்கமாட்டான். எட்டுப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். சமாதானத்துக்குச் சாட்சி சொல்ல அவர்களுக்குக் கடையும் தடையில்லை, உத்தியோகமும் தடையில்லை.

“சமாதானமாகப் போய்விட்டீர்களாமே, உண்மையா?” என்று மாஜிஸ்திரேட் அம்முவைக் கேட்டார்.

‘ஆமா சாமி’ என்று சொல்லிவிட்டால் தெருவில் இருக்கலாம், நாலு பேர் முகத்தில் விழிக்கலாம். அம்மு மகளைப் பார்த்தாள். குழந்தை அப்பனின் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்டித்தான் சொல்றாங்க, ஐயா.”

“நீ என்ன சொல்கிறாய்?”

அவள் இடுப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள்.

“இந்த எட்டு பேருதான் சமாதானம் பண்ணாங்க. இவுரு வுட்டுட்டுப் போனா நாங்க பொறுப்புன்னு எயுதிக் குடுங்கன்னேன். ஒருத்தரும் போடல. நாளைக்கு இவுரு எண்ணூர்ல கூரை போடறாரு. ஆருக்குன்னு கேளுங்க ஐயா. உத்தரவு ஒண்ணுதான் எம் பொண்ணுக்கு ஜாமீனு. அது அப்டியே இருக்கட்டும்.”

மாஜிஸ்திரேட் தாளின் அடியில் காலியாக இருந்த எட்டு இடங்களைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனைப் பார்த்து, “எண்ணூரில் யாருக்குக் கூரை?” என்று கேட்டார். அவன் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார். ரத்து செய்யக் கேட்ட மனு தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்ததும் கிருஷ்ணப்பன் குழந்தையின் கையை உதறிவிட்டு எண்ணூர் பஸ்ஸில் ஏறினான். வீட்டில் இருந்த துணிப்பையைக்கூடக் கேட்கவில்லை. நாற்பது நாள் பாசம் பஸ் படியோடு முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கோயில் வாசலில் பெரியவர்கள் மறுபடியும் கூடினார்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. அம்முவை வரச்சொல்லி ஆள் வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய் நின்றாள். அய்யாத்துரை ஒரு தாளைப் படித்தார். தெருவின் சமாதானத்தைக் கோர்ட்டில் அவமானப்படுத்தியவளுக்கு இனி யாரும் நெருப்புத் தரக்கூடாது. குழாயடியில் அவள் குடம் வைக்கக்கூடாது. அவள் பிள்ளையோடு தெருப் பிள்ளைகள் விளையாடக்கூடாது. மீறினால் இருபத்தைந்து ரூபாய் தண்டம்.

மைப்பெட்டி கை மாறிக் கை மாறிப் போயிற்று. விளக்கேற்றுகிறவர் கையெழுத்தே போட்டார், சுழி போட்டு. திருமலை மகனைக் கேட்காமலே கட்டைவிரலை அழுத்திவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். தாளில் எட்டுப் பேரின் இடமும் நிறைந்தது.

அம்மு அழுவாள், காலில் விழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

“எம் பொண்ணுக்குச் சோறு போடறதுக்கு ஒருத்தருக்கும் கையெழுத்து வரல,” என்றாள். “தண்ணி நிறுத்தறதுக்கு எட்டு பேருக்கும் வந்துடுச்சே, மாமா.”