டாக்டர் சொல்லியிருக்கார்

எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் அக்கா செருப்பைக் கழற்றினாள். கைப்பையை, இருமல் மருந்து வாங்க வந்து நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கொஞ்சம் யோசித்து, கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அவரிடமே ஒப்படைத்தாள். கண்ணாடி இல்லாமல் முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அதையும் அந்தப் பெரியவர்தான் குனிந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் அக்கா மெஷினை விட்டு இறங்காமலேயே கடையில் நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"வந்து ஒரு வாரம்கூட ஆகல. எல்லாம் என் தங்கச்சி பார்க்கிற டாக்டரோட கைராசி" என்றாள்.

அந்தத் தங்கச்சி, அதாவது சின்னவள், மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அந்தக் கடையில் பத்து மணி நேர வேலை. டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் எதையோ தேடுகிறவள் போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர் கைப்பையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அந்த டாக்டர் எங்கேம்மா இருக்கார்?" என்று ஆர்வமாகக் கேட்டார். "அவர் போர்டெல்லாம் மாட்டுறதில்லை. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்" என்று அக்காவே பெருமையோடு பதில் சொன்னாள்.

அவர் போர்டு மாட்டாததற்குக் காரணம் இருந்தது. அப்படி ஒரு டாக்டரே கிடையாது.

நடந்தது இதுதான். சின்னவளின் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியையே ஓட்டுவது என்று ஒரு நாள் அவருக்கு ரோஷம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, ஃபைனான்ஸில் கடன் எடுத்து, சரக்கு ஏற்றும் சின்ன வண்டி ஒன்றை வாங்கினார். வேண்டாம், வேண்டாம் என்று அக்கா போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள். வண்டி ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்த குடோன் இழுத்து மூடப்பட்டது. வண்டியை வந்த விலைக்குத் தள்ளி, அந்தப் பணத்தைக் கட்டியும் கடனில் பாதி அப்படியே நின்றது. வண்டி போய்விட்டது, அதற்கு வட்டி மட்டும் மாதாமாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பழைய கம்பெனியிலேயே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று பழைய வேலையை வாங்கிக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டியாவது இரண்டு வருடத்தில் இந்தச் சனியனை ஒழிப்பது என்று முடிவுக்கு வந்தார்கள்.

டீயில் சர்க்கரை நின்றது. பஸ் நின்றது, எல்லோரும் நடந்தார்கள். ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குள் மகள் தன் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டாள். டிவிக்குப் பணம் கட்டவில்லை. விளக்கை எட்டு மணிக்கே அணைத்துவிட்டுப் படுத்தார்கள். வீட்டுக்காரருக்குச் சின்னவளே முடி வெட்டிவிட்டாள். முதல் மாதம் அவர் தொப்பியோடு வேலைக்குப் போனார், பிறகு அவள் கை பழகிவிட்டது. இதெல்லாம் அவளுக்குப் பெரிய கஷ்டமாகப் படவில்லை. அவளுடைய கவலையெல்லாம் வேறு. அக்காவுக்குத் தெரியக் கூடாது.

அக்கா கெட்டவள் இல்லை. கேட்டால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள், கேட்காவிட்டாலும் கொடுப்பாள். ஆனால் கூடவே, "நான் அப்பவே சொன்னேன்" என்பாள். அத்தான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வீடு திரும்பிய அன்றைக்குக்கூட, வாசலிலேயே நிறுத்தி அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அந்த மூன்று வார்த்தையை ஆயுள் முழுக்கக் கேட்பதற்குப் பதில் ஆயுள் முழுக்கச் சர்க்கரை இல்லாமல் இருந்துவிடலாம் என்று சின்னவள் நினைத்தாள்.

போன வருடம் அக்கா திடுதிப்பென்று வந்து நின்றபோதுதான் டாக்டர் பிறந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். சின்னவள் விழித்தாள். வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "டாக்டர் சொல்லியிருக்கார் அண்ணி" என்று போட்டார். சர்க்கரை விஷமாம். சரி, ஃப்ரிட்ஜ் ஏன் ஓடவில்லை? எதையும் அன்றன்றைக்குச் சமைத்துச் சாப்பிட வேண்டும், டாக்டர் சொல்லியிருக்கார். டிவி? கண்ணுக்குக் கேடு. எட்டு மணிக்குத் தூக்கம்? அது ரொம்ப முக்கியம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கார். வண்டி எங்கே என்றதற்கு மட்டும், குடோனில் நிற்கிறது என்று சொல்லி வைத்தார்கள். மகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. "பெரியம்மா, அவர் பீஸே வாங்க மாட்டார். சொன்னபடி கேக்கலைன்னா திட்டுவார்" என்று தன் பங்குக்கு அவருக்குக் குணமும் கொடுத்தாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நடந்து நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்துக் குறைத்து, மூன்று பேருக்கும் நிஜமாகவே உடம்பு இளைத்து முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. வீட்டுக்காரரின் தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் போன் செய்து யோசனை கேட்டார்கள். கடைசியில் இந்த வாரம், மூன்று பைகளோடு அக்காவே வந்து இறங்கிவிட்டாள். பத்து நாள் தங்கி, டாக்டர் முறைப்படி இருந்து உடம்பைச் சரி பண்ணிக்கொண்டு போகப் போகிறாளாம்.

கடைசித் தவணைக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்கான பணத்தைச் சின்னவள் கவரில் போட்டு வைத்திருந்தாள். விருந்தாளி வந்தால் கவரில் கை வைக்க வேண்டிவரும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் வீணாகப் போனது. டாக்டர் முறையைப் போல மலிவான முறை உலகத்தில் இல்லை. அக்கா அவித்த காயையும் ரொட்டியையும் தின்றுவிட்டு, பேசாமல் எட்டு மணிக்குப் படுத்தாள். வீட்டுக்காரர், கடன் முடியப்போகிற சந்தோஷத்தில், ரகசியமாக ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பிரிக்கும்போது அக்காவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றாள் அக்கா.

"வேணாம் அண்ணி" என்றார் அவர். அந்தக் குரலில் நிஜமான பயம் இருந்ததை நினைத்து நினைத்துச் சின்னவள் படுக்கையில் சத்தம் வராமல் சிரித்தாள்.

எடை பார்த்த மறுநாள் காலை அந்தச் சிரிப்பு அடங்கியது. அக்காவின் படுக்கையை மடித்தபோது தலையணைக்கு அடியில் பிரஷர் மாத்திரை அட்டை கிடந்தது. அட்டைகளோடேயே பிழைக்கிறவளுக்கு எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. வந்த நாளிலிருந்து அக்கா அதில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"அதான் உடம்பு குறையுதே. உன் டாக்டர் இருந்தா நிறுத்தத்தான் சொல்லுவார். சர்க்கரையே விஷம்னவர், மாத்திரையை என்னன்னு சொல்லுவார்?" என்றாள் அக்கா. காலை வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து, பத்து வயது குறைந்தவள் போலத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, வாய் ஒரு பக்கம் கோணிப்போய் வந்தவர்களைச் சின்னவள் கவுண்டரில் பார்த்திருக்கிறாள். குளியலறைப் பக்கம் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்வளவுதானே. மாத்திரையை விடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு சொல்லிடு" என்றார் அவர்.

சொல்லலாம். இன்றைக்கு அக்கா கேட்டும் விடுவாள். ஆனால் ஊருக்குப் போன பிறகு? இல்லாத ஆளுக்கு வாய் கிடையாது. இவர்கள் இத்தனை நாள் அவரைத் தங்களுக்குத் தோதாகப் பேச வைத்தார்கள். நாளைக்கு அக்கா தனக்குத் தோதாகப் பேச வைப்பாள். இன்றைக்கே வைத்துவிட்டாளே. சின்னவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"அக்கா, கிளம்பு. டாக்டரைப் பார்க்கப் போகலாம். ஆனா மாத்திரையைப் போட்டுக்கிட்டு வா. போடாதவங்களை அவர் உள்ளேயே விடமாட்டார்" என்றாள். அவர் பெயரில் அவள் சொன்ன கடைசிப் பொய் அது.

அக்கா மறுபேச்சுப் பேசாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாள். பீஸ் வாங்காதவரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதென்று வழியில் ஒரு பை நிறையப் பழமும் வாங்கினாள். சின்னவள் தன் பைக்குள் கவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்த குறுகலான படியில் ஏறினார்கள். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்ட அக்கா, "என்னடி, டாக்டர் இருக்கிற இடத்துல மருந்து வாடையே காணோம்" என்றாள்.

மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளைஞன் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். தடுப்பை ஒட்டி ஓரமாக இரண்டு நாற்காலிகள். சுவரில், தவணை தவறினால் என்ன ஆகும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அக்கா அதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தாள்.

"அக்கா, இதுதான் டாக்டர்" என்றாள் சின்னவள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வண்டி, குடோன், பாதிக் கடன், சர்க்கரை, ஃப்ரிட்ஜ், கதவுக்குப் பின்னால் பிஸ்கட். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் வந்து போனதை அவளால் படிக்க முடியவில்லை. முடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வண்டியெல்லாம் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அக்கா.

சின்னவள் நிமிர்ந்தாள். இரண்டு வருடம் பயந்து நடுங்கியது இதற்குத்தான். வந்தது, ஒரு தும்மல் போலப் போய்விட்டது. காதும் செவிடாகவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பணம் கொடுத்திருப்பே."

"கொடுத்திருப்பேன்தான்."

"அப்புறம் வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்திருப்பே."

அக்கா பழப் பையை ஒரு நாற்காலியில் வைத்தாள். "இருந்திருப்பேன்தான்" என்றாள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரையை மட்டும் விட்டுடாதே. உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கே போவேன்?" என்றாள். அக்கா பிடித்த கையை விடவில்லை.

முறை வந்தது. சின்னவள் கவரைப் பிரித்துப் பணத்தை நீட்டினாள். அந்த இளைஞன் எண்ணி வைத்துக்கொண்டு, ரசீதை அடிக்கும்போது, "கணக்கை முடிக்கிறதுக்கு ஒரு சார்ஜ் இருக்கு மேடம். அதையும் சேர்த்துக் கட்டினாத்தான் முடிஞ்சதுன்னு லெட்டர் தருவோம். இன்னைக்கு இல்லைன்னா அடுத்த மாசம் வாங்க, வட்டி மட்டும் கொஞ்சம் ஓடும்" என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னான்.

கவரில் இருந்தது தவணைப் பணம் மட்டும்தான். சின்னவள் காலிக் கவரை உதறிப் பார்த்தாள். பக்கத்தில் அக்காவின் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தபடி திரும்பினாள். அக்கா பைக்குள்ளிருந்து எடுத்தது மூக்குக்கண்ணாடியை. மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்பை நெருங்கினாள்.

"தம்பி, இந்தச் சார்ஜ் எந்தக் காகிதத்துல எழுதியிருக்கு? காட்டுங்க, படிக்கிறேன்."

"அது வழக்கமா எல்லாரும் கட்டுறதும்மா."

"எல்லாரும் இருக்கட்டும். இவ ரெண்டு வருஷம் வெறும் டீயைக் குடிச்சு, நடையா நடந்து கட்டின காசு இது. பிள்ளையோட புஸ்தகம் ஃப்ரிட்ஜுல இருக்கு தம்பி. கையெழுத்து வாங்கினப்போ சொன்னீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அவன் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினான். "மேனேஜரைக் கேக்கணும்" என்று எழுந்தான்.

"கேட்டுட்டு வாங்க. அவசரமே இல்லை, எங்களுக்கு எட்டு மணிக்குத்தான் தூக்கம்" என்றாள் அக்கா.

வரிசையில் நின்ற ஒருவர் தன் கையிலிருந்த ரசீதை எடுத்து, இதற்கு முன் பார்த்திராதது போல ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். உள்ளறைக் கதவு திறந்து மூடியது. அக்கா ஒரு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பழப் பையைத் தூக்கி, தடுப்பு முடிகிற ஓரமாக எட்டி, அந்த இளைஞனின் மேஜை மேல், அவனுடைய காகிதங்கள் மீதே வைத்துவிட்டு, காலியான இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து உட்காருடி."