ஆள்காட்டி

பெஞ்சு பச்சை நிறம் என்கிறாள் அண்ணி. வண்ணமே பூசாத வெறும் பலகை என்று எனக்கு நினைவு. அந்தக் கடற்கரைப் பூங்காவில் பாதைப் பராமரிப்பு வேலை பார்த்தவள் அவள். பெஞ்சுகளுக்கு வண்ணம் அடித்ததும் அவள்தான். ஆகவே அவள் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும். நான் வாதாடுவதில்லை. பெஞ்சில் தோற்றுவிட்டால் மற்றதிலும் தோற்றுவிடுவேனோ என்று ஒரு பயம். அந்தப் பெஞ்சுக்கு அருகே பறவை முட்டைகள் இருப்பதை அவள் என்னிடம் சொன்னாளா, நானாகப் புரிந்துகொண்டேனா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சொன்னாள் என்கிறேன் நான். சொல்லவே இல்லை என்கிறாள் அவள். எங்களில் மறந்தது யாராக இருந்தாலும் அது வசதியான மறதி. அப்பா பேசியது மட்டும் இருவருக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

அப்பா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். எதிர்முனையில் ஒரு ‘ஹலோ’ கேட்டால் போதும், பேசுகிறவர் சாப்பிட்டாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்று சொல்லிவிடுவதாகப் பெருமை அடித்துக்கொள்வார். ஓய்வு பெற்றபின் பக்கவாதம் வந்தது. இடது காலை இழுத்துக்கொண்டது. நாக்கும் கொஞ்சம் குழறியது. கடைக்காரர்களிடம் ஏதாவது கேட்பார். அவர்கள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள், மொழிபெயர்ப்பாளனைப் பார்ப்பதுபோல. இப்படி நான்கைந்து தடவை நடந்தபின் வெளியாட்களிடம் பேசுவதையே அவர் விட்டுவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: தினமும் நடந்தால் கால் திரும்பும், இந்தச் சில மாதங்களைக் கோட்டைவிட்டால் பிறகு எவ்வளவு நடந்தாலும் திரும்பாது. எங்கே நடப்பது? எங்கள் வீடு அடுக்குமாடியின் தரைத்தளம். வாசலுக்கு வெளியே, சைக்கிள்களும் தண்ணீர் கேன்களும் அடைத்துக்கொண்டிருக்கும் நடைகூடம். அதைத் தாண்டினால் கல் பெயர்ந்த நடைபாதை. நடைகூடத்தில் ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு, ஜெயிலில் காற்று வாங்குவதுபோல இருக்கிறது என்று கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே எங்களுக்குப் பாதி நாள் தெரியாது. கடைசியில் அண்ணிதான், பூங்காவுக்கு வந்து நடங்கள் என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

பூங்காவில் மூன்று பாதைகள். ஒன்று கல்படி ஏறிப் பாறை முனைக்குப் போகும், அப்பாவால் ஆகாது. இன்னொன்று சதுப்பு நிலத்தின் மேல் பலகை போட்ட பாதை. பலகைகள் உளுத்துப்போய் அந்த வருடம் அதைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது மணல்மேட்டுக்குப் பின்னால் சரளைக்கல் பரப்பிய சமதளப் பாதை. ஒரு பக்கம் புல் முளைத்த மணல், மறுபக்கம் ஆழமில்லாத ஒரு உப்புநீர்த் தேக்கம். கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பூங்கா திறப்பதற்கு முன்பே அண்ணி இந்தப் பாதைகளை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். இரவில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலைக் கூட்டித் தள்ளுவது, விழுந்த கிளையை ஓரமாக இழுத்துப் போடுவது, கம்பங்களில் அம்புக்குறி மங்கியிருந்தால் மறுபடி தீட்டுவது அவள் வேலை. வாசலில் ஒரு காவலாளி. யாராவது பாதையைவிட்டு இறங்கினால் உடனே ஊதுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘விசில்’. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஒரு அச்சகத்துக்கு மெய்ப்பு பார்ப்பவன். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, காலை நெரிசல் குறைந்தபின் அப்பாவைப் பஸ்ஸில் அழைத்து வருவேன். முதல் அம்புக்குறிக் கம்பம்வரை நடப்பார். கம்பத்தைத் தொட்டதும், போதும் என்று திரும்பிவிடுவார். அதற்கப்பால் இருக்கும் பெஞ்சுவரை போகலாம் என்று நான் சொன்னால், நீ போ, நான் தந்தி அடிக்கிறேன் என்பார்.

அந்தப் பறவை எப்போது வந்தது என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை. வெயில் ஏறத் தொடங்கிய நாட்களாக இருக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டுவிட்டு நின்றபோது எதிரிலிருந்து கணீரென்று ஒரு குரல். பழுப்பு முதுகு, கருத்த மார்பு, நீண்ட மஞ்சள் கால்கள். பெஞ்சுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தத் தலைச்சாய்ப்பை நான் வெகுநாட்களாகப் பார்க்கவில்லை. பிறகு கம்பத்தை விட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து, பெஞ்சுவரை நடந்துவிட்டார்.

மறுநாளும் அது கத்தியது. அந்தக் காலத்து வெளியூர் அழைப்பை நினைத்து அவர் அதற்கு ‘டிரங்க் கால்’ என்று பெயர் வைத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, இன்றைக்கு லைன் கிடைக்குமா பார்ப்போம் என்பார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதனுடன் பேசுவார். அவர் பேசப் பேச அதுவும் ஓயாமல் கத்தும். பழைய நிலையத்துக் கதைகள், அவருக்கும் அம்மாவுக்கும் வந்த முதல் சண்டை, எல்லாம் சொல்வார். குழறல் அதற்குப் பொருட்டில்லை. யாரும் முகம் திருப்பி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் இடது பாதம் தரையில் உரசாமல் எழும்பியது. பயிற்சிக்காரப் பெண் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, என்ன மாயம் பண்ணினீர்கள் என்று கேட்டாள். ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் என்றார் அப்பா. அண்ணி சிரித்தாள். பறவையின் பெயரை மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணி சொன்னாள் என்று நான் நம்பும் இடம் எங்கள் சமையலறை. பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

“தம்பி, மாமாவ பெஞ்சுல ரொம்ப நேரம் உக்கார வைக்காதீங்க. வெயில் ஏறுது.”

அவ்வளவுதான் சொன்னாள் என்றால், அவள் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் குழாயை மூடிவிட்டு அவள் நின்ற விதத்தில் மிச்சம் இருந்தது. மறுநாள் பெஞ்சுக்கு எதிரே, பாதையோரச் சரளையில், யாரோ சில பெரிய கற்களை வளைவாக அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். அதற்குள் கூழாங்கல் போலவே புள்ளி போட்ட நான்கு முட்டைகள். தெரிந்து தேடாவிட்டால் கண்ணில் படாது.

பூங்காவின் விதி எனக்குத் தெரியும். பாதையோரம் கூடு கண்டால் இரு முனையிலும் கயிறு கட்டிப் பாதையை மூட வேண்டும். குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை யாரும் நுழையக்கூடாது. கயிறு கட்ட வேண்டியவள் அண்ணி. கட்டினால் அப்பாவுக்கு நடக்க இடமில்லை. இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்ததை அந்தக் கற்களில் கண்டேன். யாரும் மிதித்துவிடாதபடி அடுக்கியிருந்தாள். மிதிப்பது மட்டும்தான் ஆபத்து என்பதுபோல.

நான் தாள்களைத் திருத்திக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருங்கள் என்று சொல்ல வாயெடுப்பேன். அப்பா அப்போதுதான் ஒரு கதையின் நடுவில் இருப்பார். ஒருநாள் அந்தப் பறவை தேக்கத்தில் இறங்கி வயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்ததைப் பார்த்தேன். ஈர வயிற்றோடு பறந்து வந்தது. முட்டைகளைக் குளிர்விப்பதற்காக என்பது விளங்கிவிட்டது. இறங்க முடியவில்லை, நாங்கள் இருந்தோம். எங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, ஈரம் காயும்வரை. “பாத்தியாடா, இன்னைக்கு விடமாட்டேங்குது,” என்றார் அப்பா சந்தோஷமாக. நான் ஒரு எழுத்துப்பிழையைச் சுழித்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து விசில் அந்தப் பக்கம் வந்தார். பறவை கத்திக்கொண்டிருந்தது. அவர் மேலே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னங்கய்யா, ஆள்காட்டி இந்தக் கத்து கத்துது, நீங்க அசராம உக்காந்திருக்கீங்க.”

என்ன காட்டி என்று அப்பா கேட்டார். விசில் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் கேள்வியைத் திருப்பிச் சொன்னேன்.

“ஆள்காட்டிங்கய்யா. ஆள் வந்துட்டான், ஆள் வந்துட்டான்னு ஊருக்கே காட்டிக்குடுக்கும். கூடு வச்சிருந்துச்சுன்னா கேக்கவே வேணாம், நாம போற வரைக்கும் திட்டித் தீத்துரும்.” பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “கூடு ஏதும் இருக்கா தம்பி? இந்தப் பாதைய நானே பாத்துக்கறேன்னு உங்க அண்ணி சொன்னாங்களே.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் போய்விட்டார். அப்பா என் தோளைப் பிடிக்காமல் தானாகவே எழுந்தார். அதுவரை அவர் அப்படி எழுந்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் கம்பத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை பேசாமல் நடந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் கேட்டார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“அது என்னைக் கூப்பிடலை. இல்லம்மா?”

கரண்டி அந்தரத்தில் நின்றது. “இல்ல மாமா.”

“முட்டை வச்சிருக்கா?”

“ஆமா.”

“உனக்குத் தெரியும்.”

அவள் தலையசைத்தாள். பிறகு, “உங்க கால் நல்லா வந்துட்டிருந்துச்சு மாமா,” என்றாள். “கயிறு கட்டிட்டா எங்க போய் நடப்பீங்க?”

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்மேல் அவருக்குக் கோபமில்லை என்பது தெரிந்தது. கோபம் இருந்திருந்தால் எங்கள் மூவருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆயுசு பூரா குரல் கேட்ட காதும்மா இது,” என்றார். “நெசமா அழுறவளையும் அழுற மாதிரி நடிக்கிறவளையும் பிரிச்சுச் சொன்ன காது. பெத்தவ ஒருத்தி போ போன்னு கத்தியிருக்கா. எனக்கு வா வான்னு கேட்டிருக்கு.”

குழறாமல் வந்த வாக்கியம். அல்லது குழறல் எங்களுக்கு அன்று கேட்கவில்லை.

மறுநாள் விடியும்போதே போய் அண்ணி கயிறு கட்டினாள். அப்பா நடைகூடத்துக்குக்கூட வரவில்லை. பயிற்சிக்காரப் பெண் அண்ணியிடம் கடிந்துகொண்டு போனாள். இப்படியே படுத்திருந்தால் அடுத்த மாதம் தான் வந்தும் பயனில்லை என்றாள். சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலிலிருந்து கேட்பார்: என்னாச்சும்மா? முட்டைமேல் உட்கார்ந்திருக்கு மாமா என்பாள். இன்னும் சில நாள் போனபின், உட்கார்ந்திருக்கு என்பதை அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். ஒருநாள் மாடிப்படி ஓரத்தில் என்னை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பறவையும் அதன் இணையும் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டன. முட்டைகளைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாளாம். உள்ளே நீர் அலம்பும் சத்தம்தானாம், நான்கும் கூமுட்டை. மணல்மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். நகக்கண்ணில் மணல் இருந்தது.

உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

“பொரிச்சிருச்சு மாமா,” என்றாள். “நாலும். தாயும் குஞ்சுமா தண்ணிப் பக்கம் இறங்கிப் போயிருச்சுங்க. நாளைக்குக் கயித்த அவுத்துருவேன்.”

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரிம்மா,” என்றார். “அப்ப நாளைக்கு வர்றேன்.”

அண்ணி முகம் கழுவப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பொய் சொல்றா,” என்றார் மெதுவாக. “நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். நீ எதுவும் உளறிக்கிட்டுத் திரியாதே.”

அடுத்த நாளிலிருந்து நடந்தார். குனிந்த தலையோடு, ஒவ்வொரு அடியையும் சரளையில் பார்த்துப் பார்த்து வைத்தார். பெஞ்சில் உட்காரவில்லை, அதைத் தாண்டிப் பாதையின் கடைசிவரை போய்த் திரும்பினார். அங்கே எதுவும் கத்தவில்லை. சில காலைகளில் அண்ணி மணல் கூட்டிக்கொண்டிருப்பாள். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தி, “இன்னைக்கு நல்லா நடக்கறீங்க மாமா,” என்பாள். “உன் புண்ணியம்மா,” என்பார் அவர். இருவரும் சிரிப்பார்கள். நடுவில் நின்றுகொண்டு, இருவரும் ஒருவருக்கொருவர் மறைப்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்க, நானும் சிரிப்பேன்.

அப்பாவின் கால் முழுவதுமாகத் திரும்பிவிட்டது. அதற்குப்பின் சில வருடங்கள் ஊன்றுகோல் இல்லாமல் நடமாடி, நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். அவள் சொன்னது பொய் என்று அப்பாவுக்கு அன்றே தெரியும் என்பதைப் பதினாறாம் நாளுக்குள் நான் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு அவளாகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பூங்காவின் நுழைவுச்சீட்டு அறைக்கு மாறினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து இன்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது. விசில் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அதே அச்சகத்துக்கு மெய்ப்பு பார்க்கிறேன். சமதளப் பாதையை இப்போது வெயில் காலம் முழுவதும் மூடிவிடுகிறார்கள். ஆள்காட்டிகள் அங்கே மறுபடி முட்டையிட்டதாக யாரும் சொல்லவில்லை.