பன்னிரண்டாம் தேதி

"ஓடுதும்மா," என்றார் கடிகாரக்கடைக்காரர், கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே. "ரெண்டு நாளா வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டேன். ஒரு நொடி பிசகல. பழைய காலத்துப் பொருள் பழைய காலத்துப் பொருள்தான்."

செல்போன் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க மட்டுமே இடமிருந்த கடை அது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை முறையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். எத்தனை முறை கழுவினாலும் கைகளில் பிளீச்சிங் வாடை போகாது. அந்தக் கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். எஃகு உடல். கருநீல முகப்பில் வெயிலை வாங்கிக்கொள்ளும் நான்கு சில்லுகள். நொடிமுள் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடம் மலைக்குள் கிடந்த ஒன்று இப்படி எதுவும் நடக்காததுபோல் ஓடுவதைப் பார்க்க அவளுக்குக் கோபம்கூட வந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அவள் கணவன் அதைப் பழையதாகத்தான் வாங்கியிருந்தான். சுரங்கத் தொழிலாளிக்கு வெயிலில் ஓடும் கடிகாரம் எதற்கு என்று கூட்டாளிகள் கேலி செய்வார்களாம். வாரத்தில் ஆறு நாள் அதற்குக் கிடைப்பது தலைவிளக்கின் வெளிச்சம் மட்டும்தான். விடுமுறை நாளில் ஜன்னல் விளிம்பில் வைத்து, நிழல் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டே இருப்பான். "எனக்கு ஒருவேளை சோறு போடாட்டியும் பரவால்ல, இத வெயில்ல வைக்க மறந்துராத" என்பான். வானொலிச் செய்தி தொடங்கும்போது கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நொடி சரிபார்ப்பான். ஒரு மாதத்துக்கு நாலைந்து நொடிதான் முன்னே பின்னே போகும். அப்படி வித்தியாசம் வந்தால், "இன்னிக்கு நியூஸ்காரன் லேட்டு" என்பான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தண்ணீர் கொண்டுபோவதற்காக மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு நான்காம் தேதி இடிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டது அவன் ஒருவன்தான். எட்டாம் தேதிவரை தோண்டினார்கள். மறுபடி கூரை சரிந்ததும், காப்பாற்றப் போனவர்களையும் பறிகொடுக்க முடியாது என்று நிறுத்தினார்கள். பிறகு அந்தப் பக்கத்தையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். சுவரின் முன்னால் நின்று அழுவதற்குக்கூட அவளை உள்ளே விடவில்லை.

போன மாதம் வேறொரு நிறுவனம் மறுபுறத்திலிருந்து குடைந்துகொண்டு வந்தபோது அந்த இடம் திறந்துகொண்டது. அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, எலும்புகள் வைத்த ஒரு பெட்டியும் ஒரு பையும் கொடுத்தார்கள். பைக்குள் பெல்ட் கொக்கி, சாப்பாட்டு டப்பா. டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது. அதிகாரி அவள் கண்ணெதிரே திருப்புளியால் நெம்பித் திறந்தார். உள்ளே, கிழிந்த சட்டைத் துணியில் சுற்றிய கடிகாரம். "சாப்பிடறதுக்காகக் கழட்டி வச்சிருக்காரு. அந்த நேரத்துலதான் இடிஞ்சிருக்கு. ஒரு நொடிம்மா, அவ்வளவுதான். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார் அதிகாரி. அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் தேதிக் கட்டத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு என்று காட்டியது.

அந்தப் பன்னிரண்டு அவளைத் தூங்கவிடவில்லை. சலவைக்கூடத்தில் போர்வைகளை மடிக்கும்போது எண்ணிக்கை தப்பிப்போயிற்று. கடைசியில் கொழுந்தனிடம் கேட்டாள். அவனும் அதே சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தவன். அண்ணன் போன பிறகு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியது, ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றியது எல்லாம் அவன்தான். "அது வெயில் வாட்ச் அண்ணி," என்றான். "உள்ள சேத்து வச்சிருக்கிற கரண்டுல இருட்டுலயும் சில நாள் தானா ஓடும். ஓடி ஓடிப் பன்னெண்டாம் தேதி நின்னிருக்கும். ஆள் போனது அதுக்குத் தெரியுமா?" வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது அவளுக்கு. அன்றிரவு அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். வெளியூரில் வேலை கிடைத்துப் புறப்படவிருந்த மகள், "அப்பா வாட்ச நான் கட்டிக்கறேம்மா, ஓட வச்சுக் குடு" என்று கேட்டபோது மறுக்கவும் இல்லை.

"புது செல் போட்டிருக்கேன்," என்றார் கடைக்காரர். "பழசுல கரண்டே நிக்கல. இனிமே அடிக்கடி வெயில் காட்டுனாப் போதும். ஆனா ஒண்ணும்மா, இத வச்சிருந்தவரு விவரமான ஆளு."

"ஏன்?"

"நீங்க கொண்டாந்தப்போ பக்கத்துல இருக்கிற இந்தத் திருகு வெளிய இழுத்து இருந்துச்சு. இழுத்துட்டா முள்ளு அப்படியே நின்னுரும், உள்ள இருக்கிற கரண்ட் செலவாகாது. வெயில் படாத எடத்துல வைக்கிறதுன்னா இப்படித்தான் வைக்கணும். முக்காவாசிப் பேருக்கு இது தெரியாது."

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரண்ட் தீந்து தானா நின்னது இல்லையா?"

"தானா நின்னிருந்தா திருகு உள்ளதானே இருக்கும்? இது ஆள் நிறுத்தினது."

"கல்லு கில்லு விழுந்து... வெளிய வந்திருக்காதா?"

"டப்பாக்குள்ள துணி சுத்தி இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுல கல்லு எப்படி விழும்? நகத்த விட்டு இழுத்தாத்தான் வரும். வேற யாராச்சும் எடுத்துப் பாத்தாங்களோ என்னமோ."

யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. டப்பா அவள் முன்னால்தான் திறந்தது. திறந்த கணத்திலிருந்து கடிகாரம் அவள் கையில்தான் இருந்தது. அந்தத் திருகு நீட்டிக்கொண்டிருந்ததை அவளும் அப்போதே பார்த்திருந்தாள். உடைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

"அதுல பன்னெண்டுன்னு இருந்துச்சே..."

"அதெல்லாம் மாத்தியாச்சும்மா. இன்னிக்குத் தேதி கரெக்டா வச்சிருக்கேன்." அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

வெளியே வந்து மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இடிந்தது நான்கு. தோண்டுவதை நிறுத்தியது எட்டு. அவன் சட்டையைக் கிழித்தது, கடிகாரத்தைச் சுற்றியது, தண்ணீர் படாமல் டப்பாவில் வைத்து மூடியை அழுத்தியது பன்னிரண்டு. இனித் தனக்கு மணி பார்க்கத் தேவையில்லை என்று முடிவுசெய்தவன்தான் அதை நிறுத்துவான். அந்த முடிவுக்கு வரும்வரை முகப்புக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு, வெளியே ஆள் வரும் சத்தத்துக்காக எத்தனை முறை மூச்சை அடக்கியிருப்பான்? எட்டாம் தேதி மாலை எல்லாச் சத்தமும் நின்றபோது என்ன நினைத்திருப்பான்? அதற்குமேல் யோசிக்க அவள் மனம் மறுத்தது. மறுத்துக்கொண்டே யோசித்தது.

போன் அடித்தது. மகள்.

"வாங்கிட்டியாம்மா? ஓடுதா?"

"ஓடுது."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்ல நடந்து வந்தேன்ல. வச்சிரு, வரேன்."

வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

கொழுந்தன் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்க்கிறான். அங்கே மேல்தொட்டி கிடையாது; மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர் வரும். தரைக்குக் கீழே நாலு படி இறங்கினால் மோட்டார் அறை. அவள் வாசலில் நின்று கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. நிழல் விழுந்ததும்தான் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கையால் கேட்டான். அவள் சொன்னாள். இரைச்சலில் அதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தான். மோட்டார் முனகிக்கொண்டே அடங்கியது.

"என்ன அண்ணி, வாட்ச் ரெடியா?"

"அது தானா நிக்கல தம்பி. உங்கண்ணன் நிறுத்தி வச்சிருக்காரு."

அவன் மூலையிலிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் எண்ணெய் எதுவும் இல்லை. கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்தான். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான், சண்டை போட்டாவது இல்லையென்று நிரூபிப்பான் என்றுதான் பஸ்ஸில் வரும்போது அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தோண்டுறத நிறுத்தின மறுநாள்," என்றான். குரல் தரையைப் பார்த்து வந்தது. "உள்ள வரைக்கும் காத்துக் குழாய் ஒண்ணு போட்டிருந்தோம் அண்ணி. அதுல டக்கு டக்குன்னு ஒரு சத்தம். பம்ப் அதிர்ற சத்தமா, வேற ஏதாச்சுமான்னு புரியல. பம்ப நிறுத்திக் கேட்டாத்தான் தெரியும். இஞ்சினியர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். கீழ் வழியில எட்டுப் பேர் வேல பாக்கறாங்க, பம்ப நிறுத்தினா தண்ணி ஏறிரும், எட்டு உசுருக்கு நீ பொறுப்பான்னாரு. உனக்கு நாலு நாளாத் தூக்கம் இல்ல, காது ஆசப்பட்டதக் கேக்கும், போய்ப் படுன்னாரு."

"போயிட்டியா?"

"போகல. அங்கேயேதான் நின்னேன். சுவிட்சுமேலதான் கை இருந்துச்சு."

"நிறுத்தல."

"நிறுத்தல அண்ணி."

மேலே எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"அப்புறம்? அப்புறம் கேக்கலையா?"

அவன் கையிலிருந்த துணியை மடித்து முழங்கால்மேல் வைத்தான். "பம்புக்காரங்க காதுல பஞ்சு வச்சுக்குவாங்க. நான் வச்சுக்கறதே இல்ல, பிடிக்காது. மறுநாள்லேர்ந்து வச்சுக்கிட்டேன்."

அவனை அடிக்கலாம் என்று தோன்றியது. சுவரோரம் ஒரு குழாய்த் துண்டு சாய்ந்திருந்தது, அதை எடுக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடிய முதுகும் இதே முதுகுதான். அந்த எட்டுப் பேருக்கும் வீட்டில் அவளைப்போல் ஒருத்தி இருந்திருப்பாள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? பன்னிரண்டு என்ற எண்கூட இப்போது கடிகாரத்தில் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அவளிடமிருந்த சொற்கள் எல்லாம் சின்னச் சண்டைகளுக்கானவை.

"பாப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம நான் வரட்டா அண்ணி?"

நாலு படியும் ஏறினாள். வெளியே வெயிலில் கண் கூசியது. முற்றத்தைத் தாண்டி வாசல் கேட்டைத் தொடும்போது முதல் குரல் கேட்டது. மூன்றாவது மாடியில், தலையிலும் முகத்திலும் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கத்தினார். "ஏம்ப்பா, தண்ணி என்னாச்சு?" அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் காலிக் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். அதற்கும் மேல் மாடியில் இன்னொரு ஜன்னல் திறந்தது. எல்லோரும் மோட்டார் அறையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறையின் கதவு திறந்தே கிடந்தது. வாளிமேல் அவன் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. நுரைக்காரர் கண்ணெரிச்சலில் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கத்தினார். அவள் கேட்டில் கைவைத்து நின்று பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. மோட்டார் ஓடவில்லை.